பால்வண்ணம் வீட்டுச் செவ்வாய்க்கிழமை

வெயிலுகந்தபுரத்தில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் சூரியன் இறங்காமல் நின்றுபோன வருஷத்தில் ஊரில் மிளகாய் வத்தலுக்குத் தட்டுப்பாடே இல்லை, ஒரு அப்பளம்கூட நமத்துப்போகவில்லை, மின்சார ஆபீஸில் இரண்டு பேர் நீண்ட விடுப்பில் போனார்கள், சாயங்காலமானால் மல்லிகை நகர் ஆண்களில் பாதிப் பேர் மொட்டை மாடியில் ஏறி ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஆனால் யாராவது அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால் ஊர்க்காரர்கள் சூரியனைப் பற்றிப் பேசமாட்டார்கள். சூரியன் என்ன செய்தது, நின்றது, அவ்வளவுதானே. நிற்கச் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆளைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அந்த ஆள் பால்வண்ணம். தாலுகா ஆபீஸில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேஜைக்கு முன்னால் யார் வந்து நின்றாலும் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல் வலது கை ஆட்காட்டி விரலை மட்டும் தூக்கி, "நில்லுங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்பார். நின்றவர்கள் நின்றார்கள், மீசை முளைக்காமல் பட்டா கேட்டு வந்தவர்கள் மீசை நரைத்து அதே பட்டாவைக் கேட்டார்கள், இரண்டு பங்காளிகள் அந்த மேஜைக்கு முன்னால் நின்ற காலத்திலேயே சண்டையை மறந்து சம்பந்தி ஆனார்கள். "என் சர்வீஸ்ல ஒருத்தருக்கும் முடியாதுன்னு சொன்னதில்லை" என்று அவர் பிரிவு உபசார விழாவில் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். அது உண்மைதான். முடியும் என்றும் அவர் யாருக்கும் சொன்னதில்லை.

வீட்டிலும் அதே மேஜை அதே விரல்தான். மனைவி செண்பகவல்லிக்கு மூட்டு வலி, ஆபரேஷன் செய்யலாமா என்று டாக்டர் கேட்டதற்கு யோசித்துக்கொண்டிருந்தார். மகள் கோமதி அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கும் அருள்மாறனைக் கட்டிக்கொள்ள விரும்புவதாக இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்னாள். பால்வண்ணம் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. "பையனுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னாள். "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார். அதையும் சொன்னாள். தெருப் பேரைக் கேட்டதும் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார். அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ அப்பன்மார் அரிவாளைத் தூக்குகிற நாட்டில் தான் ஒரு விரலை மட்டுமே தூக்கியதாக அவருக்குப் பெருமைகூட இருந்தது.

மாடியில் சோலார் பேனல் வந்ததே அவர் திருச்செந்தூர் போயிருந்த நேரத்தில் கோமதி ஆளைக் கூப்பிட்டு மாட்டிவிட்டதால்தான். அதற்குப் பிறகு பேட்டரி என்று ஒரு கேள்வி வந்தது. பேனல் மாட்டிய ஜெபசிங் என்ற வியாபாரி அதைத் தெளிவாகவே சொன்னான்: பகலில் மிஞ்சுகிற கரண்டு வெளிக் கம்பிக்குப் போய்விடுகிறது, ஊரில் கரண்டு போனால் உச்சி வெயில் அடித்தாலும் பேனலும் சேர்ந்து நின்றுபோகும், பேட்டரி ஒன்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவதைப் பிடித்து வைத்து, கரண்டு போகும்போது எடுத்துக்கொள்ளலாம். வேண்டுமா, வேண்டாமா?

பால்வண்ணம் யோசித்தார். பேட்டரி வைத்தவன் புத்திசாலி என்று ஒருவர் பேசும் வீடியோவைப் பார்த்தார், பேட்டரி வைத்தவன் முட்டாள் என்று இன்னொருவர் பேசும் வீடியோவைப் பார்த்தார், இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருப்பதைக் கண்டு மனம் குளிர்ந்து இன்னும் பல வீடியோக்களைப் பார்த்தார். ஜெபசிங் மாதாமாதம் வந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் மொட்டை மாடியில் அவரோடு நின்று, மேற்கே தண்ணீர்த் தொட்டிக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்த சூரியனைக் காட்டினான்.

"அண்ணாச்சி, நீங்களே பாருங்க. இன்னைக்கு உள்ளதும் கிளம்பிருச்சு. அதுகிட்டயாவது ஒரு பதில் சொல்லி அனுப்புங்க."

பால்வண்ணம் தலையைத் தூக்காமல், கையிலிருந்த ஃபோனில் வீடியோவைப் பார்த்தபடியே, பழக்கதோஷத்தில் விரலைத் தூக்கி, "நில்லு, யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

சூரியன் நின்றது.

ஊர் இருட்டியது, விளக்குப் போட்டார்கள், தொலைக்காட்சியில் தொடர்கள் ஓடின, நாய்கள் தங்கள் எல்லைகளுக்குப் போயின. பால்வண்ணம் வீட்டில் மட்டும் சாய்ந்த மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டே இருந்தது. காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே நின்றால் சூரியன் தெரியும், வெளியே ஒரு எட்டு வைத்தால் நட்சத்திரம் தெரியும். அடுத்த வீட்டு மீனாட்சிசுந்தரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "மதினி, உங்க வீட்டுல இன்னும் வெயில் இருக்கே, என் துணி ரெண்டு காயல, போட்டுக்கிடவா?" என்று கேட்டாள். செண்பகவல்லி, "போட்டுக்கோ" என்றாள். இப்படித்தான் அந்த அதிசயம் ஊருக்குள் வந்தது, ஈரத் துணியாக.

துணிக்குப் பின்னால் மிளகாய் வந்தது, மிளகாய்க்குப் பின்னால் மோர் மிளகாய், கூழ் வத்தல், அப்பளம், மழையில் நனைந்த ஒரு மெத்தை, மூட்டு வலிக்காரர்கள், சூரியனைப் பார்த்து உடற்பயிற்சி செய்ய விடியற்காலையில் எழுந்திருக்க முடியாதவர்கள். மின்சார ஆபீஸிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து, ராப்பகலாகப் பின்னோக்கி ஓடும் மீட்டரைப் பார்த்துவிட்டு, மாலைக்கு மேல் சூரிய மின்சாரம் தயாரிக்க விதியில் இடமில்லை, ஆகவே இது தயாரிக்கப்படவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். ஆளுங்கட்சிக்காரர்கள் இது எங்கள் ஆட்சியின் வெளிச்சம் என்று பதாகை வைத்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள், ஒரே வீட்டுக்கு வெயில் கொடுத்து மற்ற வீடுகளை வஞ்சித்த அரசே என்று அதற்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். இரண்டு பதாகையும் பால்வண்ணம் வீட்டு வெளிச்சத்தில்தான் படிக்கத் தெரிந்தன.

பார்த்தவர்களுக்கு ஆசை வந்தது. அவனவன் தன் வீட்டு மாடியில் ஏறி விரலைத் தூக்கி, "நில்லு, யோசிச்சுச் சொல்றேன்" என்று கத்தினான். சூரியன் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனது. அவர்கள் யோசிப்பதாகச் சொன்னார்களே தவிர, இலவசமாக வெயில் வேண்டும் என்று முன்னாலேயே முடிவு செய்துவிட்டிருந்தார்கள். பால்வண்ணத்தின் யோசனையில் அப்படி ஒரு கலப்படமும் கிடையாது.

மல்லிகை நகர் நலச் சங்கத் தலைவர் ஆவுடையப்பன் பட்டாசு ஏஜென்சி வைத்திருந்தவர். எதையும் சத்தமாகச் சொல்லித்தான் பழக்கம். அவர் சங்கக் கூட்டத்தைப் பால்வண்ணத்தின் மாடியிலேயே, மிளகாய்களுக்கு நடுவில் கூட்டினார்.

"அண்ணாச்சி பேட்டரி வேணும்னு சொன்னா என்ன ஆகும்? பதில் கிடைச்சிருச்சுன்னு சூரியன் கிளம்பிரும். வேண்டாம்னு சொன்னா? அப்பவும் கிளம்பிரும். ஆகவே பொதுநலத்தை முன்னிட்டு அண்ணாச்சி எந்தக் காரணத்தைக் கொண்டும் அவசரப்படக் கூடாதுன்னு சங்கம் கேட்டுக்கொள்கிறது."

"நான் என்னைக்கு அவசரப்பட்டேன்?" என்றார் பால்வண்ணம்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஜெபசிங் அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டு, வாசலில் ஒரு காவலாளியையும் உட்கார வைத்தார்கள். ஜெபசிங் எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். ஊரில் வேறு யாரும் இப்போது பேட்டரி பற்றிக் கேட்பதில்லை, அவனுக்குப் போக இடமும் இல்லை.

பால்வண்ணத்துக்கு ஓய்வு பெற்ற பிறகு வாழ்க்கை மறுபடியும் தொடங்கியது. மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், மனுக்களோடு வரிசை நின்றது, விரல் மேலே போனது. நிலம் வாங்கலாமா, பையனை இன்ஜினியரிங் சேர்க்கலாமா, அண்ணனோடு பேசலாமா என்று கேட்டு வந்தவர்கள், யோசிக்கலாம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு, தெளிவு பிறந்தவர்களாகக் கீழே இறங்கிப் போனார்கள்.

செண்பகவல்லிக்கு மட்டும் தூக்கம் போயிற்று. திரைச்சீலை போட்டாள், ஜன்னலுக்குப் போர்வை கட்டினாள், கதவிடுக்கில் காகிதம் திணித்தாள். மனு கொடுத்தவன் எந்தச் சந்தில் விட்டாலும் புகுந்து வருவதுபோல வெயில் எப்படியோ புகுந்து அவள் கண்ணிமையின் மேல் வந்து நின்றது. அதைவிடப் பெரிய தொல்லை, சூரியன் நின்றது சாயங்கால டீ வேளையில். ஆகவே அந்த வீட்டில் எப்போதும் டீ வேளை. "செண்பகம், டீ" என்று மாடியிலிருந்து குரல் வரும், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வலிக்கிற மூட்டைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வருவதற்குள் மறுபடி "செண்பகம், டீ" என்று வரும். மீனாட்சிசுந்தரி வீட்டில் போய்க் கொஞ்சம் கண்ணயரலாம் என்று போனால், அங்கேயும் பெண்கள் தட்டில் மஞ்சள் குங்குமத்தோடு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், பத்தினிக்குத்தான் சூரியன் கட்டுப்படும் என்று.

"அந்தக் காலத்துப் பத்தினிங்க புருஷன் உசுரைக் காப்பாத்தச் சூரியனை நிறுத்தினாளுக" என்றாள் செண்பகவல்லி, காலை இழுத்துக்கொண்டு. "இங்க ஒரு பெட்டி வாங்கலாமா வேண்டாமான்னு நிக்கிது. காலை விடுங்கடி, தூங்கணும்."

பத்தினி கோபப்பட்டால் நல்லதுதான் என்று அவர்கள் மறுபடியும் கும்பிட்டார்கள்.

இதற்கிடையில் ஜோசியர் வந்தார். சூரியன் மறைந்து மறுபடி உதித்தால்தானே மறுநாள். இந்த வீட்டில் மறையவே இல்லை. ஆகவே ஊருக்கு என்ன கிழமையானாலும் இந்தக் காம்பவுண்டுக்குள் அன்றைய செவ்வாய்க்கிழமைதான் நடக்கிறது என்று கணித்துச் சொன்னார். சுவரில் இருந்த நாள்காட்டியும் அதை ஒப்புக்கொண்டு, கோமதி எவ்வளவு இழுத்தும் தாளைக் கிழிக்க விடவில்லை. பால்வண்ணத்தின் முகத்தில் அன்று வந்த நிம்மதியை அவர் பதவி உயர்வு பெற்ற அன்றுகூட யாரும் பார்த்ததில்லை.

கோமதி மாடிக்கு ஏறி வந்து அவர் நாற்காலிக்கு முன்னால், வரிசையை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, மாறன் வீட்டுல கேக்கறாங்க. ரெண்டு வருஷமாச்சு. நான் என்ன சொல்ல?"

"செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் பேசக் கூடாதும்மா."

"நாளைக்குப் பேசலாமா?"

பால்வண்ணம் மேற்கே பார்த்தார். சூரியன் அதே இடத்தில் பணிவாக நின்றது. "நாளைக்கு வரட்டும், பேசிக்கிடலாம்" என்றார்.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கப்பா. அழுதுட்டுப் போறேன். உங்களோட சண்டை போடுறேன். இப்படி நிக்க வைக்காதீங்க."

"நான் எப்பம்மா முடியாதுன்னு சொன்னேன்?" என்று அவர் மெய்யாகவே மனம் நொந்து கேட்டார். வரிசையில் நின்றவர்கள், எவ்வளவு தங்கமான அப்பா என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

கோமதி அழவில்லை. கீழே இறங்கினாள், முகம் கழுவினாள், பச்சைப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். காம்பவுண்டுக் கதவைத் திறந்து தெருவில் ஒரு காலை வைத்துவிட்டு, மாடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"அப்பா, ரோட்டுல இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

அவள் பின்னாலேயே செண்பகவல்லி வந்தாள். அடுப்பில் டீக்குக் கொதித்துக்கொண்டிருந்த பாலை இறக்கி வைத்திருந்தாள். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் கைப்பை. வெளியே வந்த பிறகுதான் செருப்பைப் போட்டாள். மேலேயிருந்து "செண்பகம்..." என்று தொடங்கிய குரல் தெருவைத் தாண்டவில்லை.

கோமதியும் அருள்மாறனும் முன்பே மனுக் கொடுத்து வைத்திருந்த பதிவு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். அருள்மாறனின் அம்மா இரண்டு மாலைகளையும் வாடாமல் ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள், செண்பகவல்லியைக் கண்டதும் எழுந்து, அவளை உட்கார வைத்து, "கண்ணெல்லாம் இப்படிச் செவந்திருக்கே, உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். பல வாரங்களாக எத்தனையோ பேர் தன் காலைத் தொட்டிருந்தார்கள், ஒருத்தரும் முகத்தைப் பார்த்து இதைக் கேட்டதில்லை என்பது செண்பகவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று, "வெயில்" என்று மட்டும் சொன்னாள். சாட்சிக் கையெழுத்துப் போட ஆளைக் கூப்பிட்டபோது, யாரும் சொல்லாமலே போய்ப் போட்டாள்.

பிள்ளைகளை அருள்மாறன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவள் தனியாகப் பேருந்து நிலையத்தில் இறங்கி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. புளியமரத்தில் காக்கைகள் இடத்துக்குச் சண்டை போட்டன, கடைகளில் ஒவ்வொன்றாக விளக்கு வந்தது, எதிரே நின்ற பேருந்தின் சிவப்பு முதலில் மங்கி, அப்புறம் கறுத்து, அப்புறம் பேருந்தே ஒரு நிழலாயிற்று. இதைத்தானே தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம், இது எவ்வளவு குளிர்ச்சியான வேலை என்று நினைத்தாள். அவளுடைய கண்ணிமை கனத்தது. அங்கேயே தூங்கியிருப்பாள், ஆனால் அது பெஞ்சு, தன் வீட்டில் தன் பாயில் தூங்க வேண்டும் என்று ஒரு வைராக்கியம் வந்து எழுந்துவிட்டாள்.

தெருவில் தன் வீடு மட்டும் பற்றி எரிவதுபோல் தெரிந்தது. டீக்கடை பெஞ்சில் ஜெபசிங் உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, இங்க வா. ஊர்ல கரண்டு போனா எம்புட்டு நேரம் போகுது?"

அவன் பதறி எழுந்தான். "ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனா ரெண்டு, அக்கா."

"அந்நேரம் எங்களுக்கு ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு ஓடினாப் போதும். அதுக்கு எது வேணும்?"

"சின்னது போதும்க்கா. அண்ணாச்சி பார்த்துட்டிருந்ததெல்லாம் மில்லுக்கு வைக்கிற சைஸு."

"அப்ப சின்னதே போதும். நாளைக்கு வந்து மாட்டு."

நாளைக்கு என்ற சொல் அந்த வீட்டு வாசலில் விழுந்து ரொம்பக் காலமாகியிருந்தது. காவலாளி எழுந்து, "யம்மா, சங்கத்துல கேக்காம..." என்று ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் மேற்கே நின்ற சூரியன், கால் கடுத்துப்போன மனுதாரன் உத்தரவு கிடைத்ததும் கிளம்புவதுபோல, உத்தரவு போட்டது யார், அதிகாரம் உண்டா, கையெழுத்து யாருடையது என்று ஒன்றும் விசாரிக்காமல், மடமடவென்று இறங்கிப் போய்விட்டது. மாடியில் மிளகாய் தெரியவில்லை, அப்பளம் தெரியவில்லை, வரிசை தெரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு இறங்கி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பால்வண்ணம் சுவரைத் தடவித் தடவிப் படியிறங்கி வந்தபோது, கூடத்தில் பாயை விரித்து, கல்யாணத்துக்குப் போய்வந்த சேலையை மாற்றாமலே, செண்பகவல்லி தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு தரம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். குறட்டைதான் பதில்.

காலையில் ஊர் திரண்டு வந்துவிட்டது. வத்தல் பாதி காய்ந்தவர்கள், மெத்தை பாதி உலர்ந்தவர்கள், மூட்டு வலி பாதி குறைந்தவர்கள், எல்லாருக்கும் முன்னால் ஆவுடையப்பன்.

"அண்ணாச்சி, வீட்டுப் பொம்பளை சொன்னது செல்லாது. நீங்க இன்னும் முடிவு சொல்லலைங்கறதுதான் சங்கத்தோட நிலைப்பாடு. அவங்களை எழுப்புங்க. சொன்னதை வாபஸ் வாங்கச் சொல்லுங்க. இல்லைன்னா ஊர்ல..."

"அவ தூங்குறா" என்றார் பால்வண்ணம்.

"எழுப்பிட்டு..."

"தூங்குறா, போங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். சாத்திய பிறகு, செய்தது சரியா என்று கதவுக்குப் பின்னால் வெகுநேரம் நின்று யோசித்தார். ஆனால் தாழ்ப்பாள் போட்டாயிற்று.

செண்பகவல்லி அன்றும் எழுந்திருக்கவில்லை, மறுநாள் நடுப்பகலில்தான் எழுந்தாள். ஜெபசிங் வந்து சின்னப் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தான். எழுந்து உட்கார்ந்தவள் முதலில் கேட்டது, "கோமதி ஃபோன் பண்ணினாளா?"

"பண்ணினா. ரெண்டு பேரும் சாயங்காலம் வரலாமான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ எந்திரிச்சதும் கேட்டுச் சொல்றேன்னேன்."

அவள் ஃபோனை எடுத்து, "வாங்கம்மா, ரெண்டு பேரும் சாப்பிடுற மாதிரி வாங்க" என்று சொல்லிவிட்டு, கூந்தலை முடிந்துகொண்டு எழுந்தாள். "மாப்பிள்ளை முதல் தடவை வர்றாக. கடைக்குப் போய் ஏதாவது இனிப்பு வாங்கிட்டு வாங்க."

பால்வண்ணம் பையை எடுத்துக்கொண்டு போனார். கடைவீதியில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், யாரும் வழி மறிக்கவில்லை. மிட்டாய்க் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அல்வா, மைசூர்பாகு, ஜாங்கிரி, லட்டு, கருப்பட்டி மிட்டாய், பேரே தெரியாத வடநாட்டு வகைகள் என்று தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. மாப்பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாது. தெருப் பேர் வரைக்கும் விசாரித்தவர் அதை விசாரித்திருக்கவில்லை. அவர் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே அந்தக் கோடிக்குப் போனார், திரும்பி இந்தக் கோடிக்கு வந்தார், மறுபடி போனார். பின்னால் நின்றவர்கள் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். வெளியே வெயில் கடை வாசலை விட்டு, தெருவை விட்டு, எதிர்க் கடையின் மாடிச் சுவரில் ஏறி, அதன் கைப்பிடியில் ஒரு கோடாக மெலிந்தது.

"என்ன அண்ணாச்சி, போடவா?" என்றார் கடைக்காரர், கையில் தராசுத் தட்டோடு.

பால்வண்ணத்துக்கு வேர்த்தது. வீட்டுக்கு இந்நேரம் அவர்கள் வந்திருப்பார்கள்.

"கருப்பட்டி மிட்டாய்" என்றார். "அரைக் கிலோ."